வேர்த்த பிடில்

அத்தியாயம் 9

பிடில் மறுபடியும் பூத்திருந்தது.

கடைக்கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிய சூசையம்மாள், மழை வெளிச்சத்தில் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது பிடில். நேற்று மாலை அதன் முதுகில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. இப்போது அதே முதுகில் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. சுண்ணாம்புத் தண்ணீரில் கையை நனைத்து யாரோ அழுத்தி எடுத்த மாதிரி.

அதே இடம். அதே அளவு. இது மூன்றாவது தடவை.

"சேசு மரி சூசை..." என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தொடர்ந்து வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளட்டும். இந்த வாரம்தான் இந்தக் கடை வாசலை மிதிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

1927 டிசம்பர். ஜோகூர் பாருவில் மீன் சந்தைக்குப் பின்னால் தச்சுக்கடை வைத்திருக்கும் லூயிஸ், வயிற்றுக்கு நாற்காலியும் அலமாரியும் செய்கிறவர். மனசுக்குப் பிடில் செய்கிறவர். மரத்தில் அவர் கை, மெருகில் அவர் மனைவி சூசையம்மாளின் கை. லூயிஸின் தம்பி சந்தனசாமி கிழக்குக் கரை மெர்சிங்கில் படகு கட்டப் போனவன். மார்ச் மாதம் தன் சொந்தச் சம்பானில் தீவுக்குக் கிளம்பினான். அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. தேடிப்போன லூயிஸ் மூன்று வாரம் கழித்துத் தம்பி மனைவி கத்தரினை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தார். "ஒரு சிராய்கூட அகப்படல" என்றார். ஒன்பது மாதமாகக் கத்தரின் தாலியைக் கழற்றவும் இல்லை, அதைப்பற்றிப் பேசவும் இல்லை. உடல் கிடைக்காதவனுக்கு இறந்தோர் பூசை வைக்கச் சாமியாருக்கும் மனசு வரவில்லை.

பிடில், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ் பூசைக்காகக் கோயில் பாடகர் குழு கேட்டது. இன்று புதன். சாயங்காலம் ஒத்திகைக்குக் கொடுத்தாக வேண்டும்.

சூசையம்மாள் கரியடுப்பை மூட்டி, ஸ்பிரிட் போத்தலுக்கு எட்டாத மூலையில் வைத்தாள். மழைக்காலத்தில் அரக்கு பூப்பது அவளுக்குப் புதிதல்ல. ஈரக்காற்று பட்டால் மெருகு வெளுக்கும். ஸ்பிரிட்டைத் தொட்டு லேசாக ஓடவிட்டால், வந்த வெள்ளை வந்த வழியே போய்விடும். சிங்கப்பூரில் அலமாரிக்கு மெருகு போட்ட அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வயசிலேயே அவள் பார்த்த சங்கதி.

ஆனால் அந்த வெள்ளை எங்கெங்கோ திட்டுத் திட்டாகப் படரும். ஒரே இடத்தில் குந்திக்கொள்ளாது.

அவள் பக்கத்தில் இருந்த ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தாள். அதே போத்தல் அரக்கு. அதே நாள் பூசியது. குளத்துத் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் பளபளத்தது. அப்படியென்றால் கோளாறு மழையில் இல்லை, அரக்கிலும் இல்லை.

பிடிலை இறக்கி மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டாள். அந்த வெள்ளைக்கு மேலே, தொடாமல், தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். நான்கு விரல்களும் பொருந்தின. கட்டைவிரல் மட்டும் எதிர்ப்பக்கம் போயிற்று.

இடது கையை விரித்தாள்.

பொருந்தியது. ஆனால் அடையாளத்தின் விரல்கள் அவள் விரல்களைவிட ஒரு கணு நீளமாக இருந்தன.

ஆம்பிளைக் கை. இடது கை.

அடுப்பில் கரி வெடித்ததற்குத் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. 'கண்ணு காட்டுற மாயம். மேகத்துலகூட யானை தெரியும், குதிரை தெரியும்' என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். பஞ்சை உருட்டிப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து பொட்டணம் கட்டினாள். ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, முதுகில் வட்டம் வட்டமாக ஓட்டினாள். கை நிற்கக்கூடாது. நின்றால் துணி ஒட்டிக்கொண்டு மெருகைப் பிய்த்துவிடும். வட்டம், அதன்மேல் வட்டம், அதை வெட்டிக்கொண்டு எட்டு.

வெள்ளை கரைந்தது. மரத்தின் பொன் மஞ்சள் மேலே வந்தது. மூச்சு விட்டாள்.

அவள் விட்ட மூச்சு அடங்குவதற்குள், மெருகுக்கு மேலே ஊசிமுனை அளவில் ஒரு நீர்முத்து எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. அதே கை அகலத்துக்குள்.

பிடில் வேர்த்தது.

வெயிலில் ஓடி வந்தவன் முதுகு மாதிரி, அவள் மடியிலேயே வேர்த்தது.

ஒரு முத்தை விரலால் ஒற்றினாள். முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாடைதான் வந்தது. நாக்கு நுனியில் வைத்தாள்.

உப்பு.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததால் இருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடியது. உப்புத்தாள் என்று பேர்தான். அதில் ஏது உப்பு? அது மணலும் பசையும்.

"என்ன பண்ற?"

லூயிஸ் பின்கட்டிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஏங்க, இந்த முதுகுப் பலகை எங்க வாங்கினது?"

"சொன்னேனே. பங்களா ஏலத்துல எடுத்த பழைய பலா மரம்."

"எந்த பங்களா?"

"தெப்ராவ் ரோட்டுல ஒரு துரை பங்களா. இப்ப எதுக்கு அந்த விசாரணை?"

"மரத்துல உப்பு இருக்கு. வேர்க்குது பாருங்க."

அவர் பார்க்கவில்லை. அதுதான் சூசையம்மாளுக்கு உறைத்தது. பதினாலு வருஷமாக, அவள் ஒரு பொருளுக்கு மெருகு போட்டு முடித்தால் முதலில் வந்து தடவிப் பார்ப்பவர் அவர்தான். பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரித் தடவுவார். இந்தப் பிடில் உத்தரத்தில் ஏறி எட்டு நாள் ஆகிறது. ஒரு தடவைகூட அதன் பக்கம் வரவில்லை.

"துரை வீட்டுல உப்பு மூட்டை அடுக்கி வச்சிருப்பான். மேல இன்னும் ரெண்டு பூச்சுப் போட்டு மூடிடு. மூடினா தெரியாது" என்றார்.

"மூடி மூடித்தானே மூணு நாளா பூக்குது?"

அவர் பதில் சொல்லுமுன் கத்தரின் இரண்டு குவளையில் காப்பி கொண்டுவந்தாள். இருபத்து நாலு வயசு. மெர்சிங்கிலிருந்து வந்தபோது இருந்த உடம்பில் பாதி இல்லை. ஒரு குவளையை மூத்தார் பக்கம் மேசையில் வைத்தாள், இன்னொன்றைச் சூசையம்மாளிடம் நீட்டினாள். அவளும் பிடிலைப் பார்க்கவில்லை.

"அக்கா, சந்தைக்குப் போய்ட்டு அப்படியே கோயில்ல குடிலுக்கு வைக்கோல் கொடுத்துட்டு வரேன். மத்தியானம் ஆயிடும்."

"குடை எடுத்துக்கோ."

"ம்."

அவள் போன கொஞ்ச நேரத்தில் லூயிஸும் கிளம்பினார். பிடிலுக்குத் தந்தி வாங்கக் கடைத்தெருவுக்கு என்றார். தந்தி போன வாரமே வாங்கி இழுப்பறையில் இருந்தது. சூசையம்மாள் அதைச் சொல்லவில்லை.

*

தனியாக ஒரு கடைக்குள், வேர்க்கிற பிடிலோடு மழை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று அன்று அவளுக்குத் தெரிந்தது.

துடைத்தாள். முத்து எழும்பியது. மறுபடி துடைத்தாள். ஒரு பழைய துணியைச் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் போட உட்கார்ந்தாள். துணிக்குள்ளிருந்து 'டக்' என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி 'டக்'. மரம் காயும்போது சத்தம் போடும். அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எந்த மரமும், அவள் கை ஓட்டத்தை நிறுத்தும்போதெல்லாம் பார்த்துச் சத்தம் போட்டதில்லை. அவள் தேய்த்தால் அது சும்மா இருந்தது. நிறுத்தினால் 'டக்' என்றது. கதவுக்கு வெளியே நிற்கிறவன், உள்ளே ஆள் நடமாட்டம் அடங்கியதும் தட்டுகிற மாதிரி.

அவள் நிறுத்தாமல் தேய்த்தாள். கால் தேய்ந்து மற்ற மூன்று காலைவிட மெலிந்துபோகிறவரைக்கும் தேய்த்தாள்.

பதினொரு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டபோது அவள் கும்பிடாத குறையாக எழுந்து ஓடினாள்.

மெர்சிங் லாரிதான். ஓட்டுகிறவன் வீரமுத்து. மாதம் ஒரு தடவை மரமும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வருவான். மூன்று பலகைக் கட்டை இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தலைத்துண்டைப் பிழிந்தபடி உள்ளே வந்தான்.

"அண்ணன் இல்லியாக்கா? அலமாக், என்னா மழை! கோத்தா திங்கி தாண்டுறதுக்குள்ள ரெண்டு எடத்துல ரோடே தெரியல."

"உக்காரு. காப்பி தரேன்."

காப்பி கொண்டு வந்தபோது, மேசையில் துணி விலகியிருந்தது. வீரமுத்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடிலு நல்லா வந்திருக்கே! இது அந்தப் பலகைதானே?"

சூசையம்மாள் குவளையை அவன் முன்னால் வைத்தாள். அவள் குரலை ஆடவிடவில்லை.

"எந்தப் பலகை?"

"நான் போன மாசம் கொண்டாந்து போட்டேனே. படகுல உக்கார்ற பலகை. ஏப்ரல்லேருந்து எங்க கொட்டாயிலதான் கெடந்துச்சு. 'நான் சொல்றப்ப அனுப்பு, யாருகிட்டயும் பேசாத'ன்னு அண்ணன் சொல்லிட்டுப் போனாரு..." அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும். சொல்லு" என்றாள் சூசையம்மாள். வாழ்நாளில் அவள் சொன்ன பொய்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

"என்னத்தச் சொல்றது? பாவம், அண்ணன். படகக் கண்டுபுடிச்சப்ப நானும்தான் கூட இருந்தேன். மெர்சிங்குக்குத் தெக்கால, கடல்தண்ணி உள்ள ஏறுற ஒரு கழி இருக்கு. ரெண்டு பக்கமும் சேத்துல நிக்கிற பாக்காவ் மரம், வேரு வேரா. பகல்லயே இருட்டு. அதுக்குள்ள சம்பான் தண்ணி நெறஞ்சு முழுகிக் கெடந்துச்சு."

"அலை கொண்டுவந்து ஒதுக்கியிருக்கும்."

வீரமுத்து காப்பியைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான்.

"கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சுக்கா. பாக்காவ் வேருல, நல்லா இறுக்கி. அலை ஒதுக்கின படகுக்கு யாரு கட்டுப் போடுவா?"

மழை ஓட்டுக்கூரையில் கொட்டியது. மேசையில் பிடில் வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இருந்த மாதிரி இருந்தது.

"திரும்ப எப்பப் போற?"

"மூணு மணிக்கு. ராத்திரி கோத்தா திங்கில எங்க அக்கா காளியம்மா வீட்ல படுத்துட்டு, விடிஞ்சதும் மெர்சிங்."

"போறப்ப இங்க வந்துட்டுப் போ" என்றாள்.

*

லூயிஸ் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, சூசையம்மாள் தரையில் உட்கார்ந்து பிடிலின் முதுகை ஸ்பிரிட்டால் கழுவிக்கொண்டிருந்தாள். மெருகு போடுவதற்கல்ல, எடுப்பதற்கு. எட்டு நாள் உழைப்பு, இருபது பூச்சு, பழுப்புத் தண்ணீராகத் துணியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? சாயங்காலம் கொடுக்கணும்!"

அவள் கடைசி அரக்கையும் துடைத்தாள். பிறகு பிடிலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மெருகுக்கு அடியில் அவளே இத்தனை நாள் கவனிக்காதது இப்போது பச்சையாகத் தெரிந்தது. அதே மரத்தில் ஆப்பு அடித்து, இழைத்துச் சமன் செய்த இரண்டு வட்டம். திருகாணி இருந்த துளைகள்.

"துரை பங்களாவுல உக்கார்ற பலகையை இப்படித்தான் முடுக்கியிருந்தாங்களா?"

லூயிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது காலையில் அவள் கால் தேய்த்து மெலித்த நாற்காலி. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வீரமுத்து வந்தானா?"

"வந்தான்."

லூயிஸின் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"கடல்ல போனான்னா ஒரு வருஷம் அழுவா, அப்புறம் ஆறிடுவா. படகைக் கட்டிப்போட்டுட்டு எறங்கிப் போனான்னா எப்படி ஆறுவா, சூசை? ஒவ்வொரு நாளும் 'நான் என்ன குத்தம் பண்ணேன், ஏன் என்னை விட்டுட்டுப் போனான்'னு கேட்டுட்டே சாவா. அதான் மறைச்சேன். படகை அங்கயே விட்டுட்டேன். அந்தப் பலகையை மட்டும் கழட்டினேன். அவன் இங்க நம்ம கடையிலதான் அதை இழைச்சான். விட்டுட்டு வர முடியல."

"அதை எதுக்குப் பிடிலாக்கினீங்க?"

"சாமியார் பூசை வைக்க மாட்டேங்குறார். அவன் பலகையாவது கிறிஸ்துமஸ் பூசையில பாடட்டும்னு..." முடிக்க முடியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சூசையம்மாளுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதோடு கூட, தம்பியைச் சிறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடந்த கதையை ஆயிரம் தடவை சொன்ன மனுஷனும் அந்த முகத்தில் தெரிந்தான். அவள் எழுந்து, பிடிலை மேசையில் வைத்துவிட்டுப் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"கத்தரின்கிட்ட சொல்லணும்."

"வேணாம். என் மேல ஆணை."

"சொல்லணும்ங்க. நீங்க மூடினது மூணு தடவை பூத்துருச்சு."

"எங்கிட்ட என்ன சொல்லணும்?"

வாசலில் கத்தரின். குடையிலிருந்து தண்ணீர் வடிந்து வட்டமாகத் தேங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பிடிலிடம் போனாள். ஆப்பு அடித்த துளைமேல் விரலை வைத்தாள்.

"இது அவரு உக்கார்ற பலகை. அதைத்தானே சொல்ல வந்தீங்க? எனக்குத் தெரியும்."

லூயிஸ் எழுந்துவிட்டார்.

"பலகை வந்த அன்னிக்கே தெரியும் பெரியத்தான். ஓரத்துல கருகின வட்டம் இருந்துச்சே, அது நான் அடுப்பு வச்சுச் சோறு வடிச்ச எடம். நீங்க இழைச்சப்ப அந்தக் கருகல் சுருள் சுருளா வந்து விழுந்துச்சு. ஒண்ணை எடுத்து ஜெபப் புஸ்தகத்துல வச்சிருக்கேன்."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?" என்றாள் சூசையம்மாள்.

"கேட்டா, 'படகு ஒடஞ்சு பலகை மட்டும் ஒதுங்குச்சு'ம்பாங்க. அப்புறம் நான் இதைக் கழட்டணும்." கழுத்தைத் தொட்டாள். "பெரியத்தான் தானா சொல்ற அன்னிக்குக் கழட்டலாம்னு இருந்தேன். ரெண்டு நாள் விடியறதுக்கு முன்னாடி வந்து பலகையைத் தொட்டுட்டுப் போனேன். உங்க மெருகு கெட்டதுக்கு நான்தான் காரணமோன்னு பயமா இருந்துச்சுக்கா. மன்னிச்சுருங்க."

சூசையம்மாளுக்கு ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. அப்படியா சங்கதி! ஈரக் கையோடு தொட்டிருக்கிறாள், பச்சை மெருகு வெளுத்திருக்கிறது. இவ்வளவுதானா!

"எந்தக் கையால தொட்ட?"

கத்தரின் புரியாமல் வலது கையை நீட்டினாள். பத்து வயசுப் பிள்ளையின் கை மாதிரிச் சின்னக் கை.

"இன்னிக்குக் காலையில?"

"இன்னிக்கு நான் வரலையேக்கா."

சூசையம்மாள் அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. சில கேள்விகளை மனசுக்குள் வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். ஆனால் ஒன்றை இனி வைத்துக்கொள்ள முடியாது.

"கத்தரின். படகு ஒடயலடி."

"சூசை!" என்றார் லூயிஸ்.

"முழுசா இருந்துச்சு. கழிக்குள்ள, மரத்து வேருல கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு."

கத்தரின் அழவில்லை. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ வந்து வந்து போயிற்று. சந்தோஷம் மாதிரி ஒன்று. அதன் பின்னாலேயே அதைக் கொல்கிற ஒன்று.

"கட்டியிருந்துச்சா?"

"ஆமா."

"அப்ப அவரு எறங்கி நடந்திருக்காரு."

மேசையில் பச்சை மரமாகக் கிடந்த பிடிலின் முதுகில் நீர்முத்துக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு கோடாக வழிந்து, சொட்டின. கத்தரின் தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். ஜுரக்காரனுக்குத் துடைப்பது போல, அவசரமில்லாமல் துடைத்தாள்.

"வீரமுத்தண்ணன் லாரி எப்பப் போகுது?"

*

மூன்று மணிக்கு மழை கொஞ்சம் தணிந்து தூறலாகியிருந்தது. கத்தரின் ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள். பிடிலைப் பழைய வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கோயிலுக்கு என்ன சொல்வது என்று லூயிஸ் கேட்டதற்கு, "பிடில் இன்னும் முடியலன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?" என்றாள். பெரியத்தானிடம் அவள் எதிர்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சூசையம்மாள் பின்கட்டிலிருந்து வந்தபோது அவள் கையிலும் ஒரு துணி மூட்டை இருந்தது.

"நீ எங்க?" என்றார் லூயிஸ்.

"ஒத்தைப் பொண்ணை அந்தக் காட்டுக்குள்ள தனியா அனுப்புவேனா? சோறு மூடி வச்சிருக்கேன். மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க."

"ஞாயித்துக்கெழமை கிறிஸ்துமஸ்!"

"அதுக்குள்ள வந்துருவோம். வரலைன்னா நீங்க வாங்க."

பதினாலு வருஷத்தில் அவரைக் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. வீரமுத்து இரண்டு பெண்களையும் முன்னால் உட்காரச் சொல்லி, சாக்கை விரித்துக் கொடுத்தான். கத்தரின் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் புடவையில் அந்த இடம் மட்டும் மெல்ல நனைந்து கருத்துக்கொண்டு வந்தது. சூசையம்மாள் பார்த்தாள். தூறல் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். உள்ளே தூறல் விழவில்லை.

லாரி உறுமியது. நகரத் தொடங்கியபோது லூயிஸ் கடையிலிருந்து ஓடி வந்தார். செருப்பில்லை. தலையில் துண்டில்லை. பக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்.

"நிறுத்து! வீரமுத்து, நிறுத்துடா!"

லாரி நின்றது.

"அங்க போகாத, கத்தரின்."

"ஏன் பெரியத்தான்?"

மழை அவர் முகத்தில் வழிந்தது. அவர் வீரமுத்துவைப் பார்த்தார்.

"நீ அன்னிக்குத் தண்ணி மொண்டு கொட்டத் தகரம் எடுக்க ரோட்டுக்குப் போனியே, ஞாபகம் இருக்கா? நான் தனியா இருந்தேன்." பக்கக் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அவன் போயி மூணு வாரம். படகு முழுகிப் பாசி புடிச்சுக் கெடந்துச்சு. ஆனா கயிறு புதுக்கயிறு. அது உராஞ்ச எடத்துல வேரோட பட்டை பச்சையா இருந்துச்சு. சாறுகூடக் காயல. அன்னிக்குக் காலையிலதான் யாரோ கட்டியிருக்காங்க."

சூசையம்மாளின் கை தானாகக் கத்தரின் மணிக்கட்டைப் பற்றியது.

"திருகாணியைக் கழட்டிட்டு இருந்தேன். எனக்குப் பின்னால மரத்துக்குள்ள ஒரு இருமல் கேட்டுச்சு. சின்ன வயசுலேருந்து கேட்ட இருமல். ஒரே பாயில படுத்துக் கேட்ட இருமல்."

"திரும்பிப் பாத்தீங்களா?" கத்தரின் குரல் மிக மெதுவாக வந்தது.

லூயிஸ் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கூப்பிட்டாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"உங்க கூடப் பொறந்தவரு. ஏன் கூப்பிடல?"

அவர் லாரிக் கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"கூப்பிட்டா பதில் வந்துருமோன்னு பயந்துட்டேன்மா" என்றார்.

கத்தரின் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த ஈர மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஓட்டுங்கண்ணே" என்றாள். "நான் கூப்பிடுறேன்."